கார் சுழி நீக்கித் தரப்படும்

கோகிலவாணி செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான், அதுவும் போர்டு எழுதிய தப்பு. கோயமுத்தூரில் எட்டு வருசம் கார் பாலிஷ் கடையில் வேலை பார்த்துவிட்டு, சொந்த ஊரான காராம்பூண்டிக்குத் திரும்பி, தாராபுரம் ரோட்டில் ஒரு ஷெட்டைப் பிடித்து, கார் பெயின்ட்டில் விழுகிற வட்டக் கீறல்களை எடுத்துத் தரும் தொழிலை ஆரம்பித்தபோது, கோயமுத்தூரில் சொல்கிற மாதிரி 'ஸ்விர்ல்' என்று எழுதினால் இங்கே எவனுக்கும் புரியாதே என்று யோசித்து, தமிழில், கொட்டை எழுத்தில், 'கார் சுழி நீக்கித் தரப்படும்' என்று எழுதி மாட்டினாள். அதை மட்டும் எழுதாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. காராம்பூண்டி வியாழக்கிழமை மாட்டுச்சந்தை கூடுகிற ஊர். மாட்டைப் பிடிக்குமுன் பல்லைப் பார்ப்பார்களோ இல்லையோ, முதுகிலும் நெற்றியிலும் மயிர் எப்படிச் சுழித்திருக்கிறது என்று பார்ப்பார்கள். பிறந்த குழந்தையின் தலையைத் தடவி ரெட்டைச் சுழியா என்று பார்ப்பார்கள். சம்பந்தம் பேசப் போன இடத்தில் மாப்பிள்ளையின் பின்னந்தலையைப் பார்த்துவிட்டு வைத்த காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்தவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் காருக்கும் சுழி உண்டு என்று ரோட்டோரம் எழுதி மாட்டினால் சும்மா விடுவார்களா?

கடை திறந்த மூன்றாவது வாரம் அரிசி மில் முதலாளி தெய்வசிகாமணியின் கறுப்புக் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் நாச்சிமுத்து, கோகிலவாணியின் அப்பா. மில்லில் டிரைவராகப் பத்தொன்பது வருசம், அந்தக் கறுப்புக் கார் வந்து ஏழு வருசம். அந்த ஏழு வருசமும், மழையோ வெயிலோ, தாய் செத்த மூன்றாம் நாளோ, பெண்டாட்டி செத்த ஐந்தாம் நாளோ, காலை ஆறு மணிக்கு மில் வாசலில் நின்று, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து உதறி, பானட்டில் ஆரம்பித்து டிக்கி வரைக்கும் வட்டம் வட்டமாகத் துடைத்துவிட்டுத்தான் சாவியைப் போடுவார். அப்படித் துடைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

முதலாளி பின்சீட்டிலிருந்து இறங்கி, "ஏனம்மிணி, என்னமோ சுழின்னு எழுதியிருக்கறயே, என்ற வண்டில இருக்குதா பாரு" என்றார்.

புதுக் கடை, புது லைட், வாய்க்கு மட்டும் எட்டு வருசப் பழக்கம். கோகிலவாணி கைலைட்டை பானட்டின் மேல் சாய்த்துப் பிடித்தாள், கறுப்புக்குள்ளிருந்து ஆயிரம் வட்டக் கீறல்கள் எழுந்து வந்தன, வருகிற எல்லாரிடமும் சொல்வதையே இவரிடமும் சொன்னாள். "எத்தனை சுழின்னு பாருங்க. காஞ்ச துணில புழுதியோட வட்டமாத் தேச்சா இப்படித்தானுங்க ஆகும். தொடைக்கறவங்களுக்குத் தெரியாது. வண்டி சுத்தமாகுதுன்னு நெனச்சுட்டு தெனமும் கீறிட்டு இருப்பாங்க."

சொல்லி முடித்துத் திரும்பியபோதுதான் அப்பாவின் தோளில் கிடந்த துண்டு அவள் கண்ணில் பட்டது.

தெய்வசிகாமணி கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட ஆறியிருக்கும். எதிர் டீக்கடையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, கையை நீட்டி, "சாவியக் குடு நாச்சிமுத்து" என்றார். "ஏழு வருசமா என்ற சோத்தத் தின்னுட்டு என்ற வண்டியவே கீறிட்டு இருந்திருக்கற. இனி உன்ற கை இந்த வண்டி மேல படக்கூடாது. சொல்லிப்போட்டேன்."

நாச்சிமுத்து சாவியைக் கொடுத்தார். துண்டை எடுத்து மடித்தார், மடித்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார், அப்புறம் ரோட்டோரமாகவே நடந்து வீட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்கு உள்ளே போன வலது கை, இடது அக்குளில் செருகிக்கொண்ட கை, பிறகு வெளியே வரவில்லை. குளிக்கும்போது வரவில்லை, தூங்கும்போது வரவில்லை. சோற்றை இடது கையில் ஸ்பூன் பிடித்துத் தின்றார். பந்தியில் இடது கையால் சாப்பிடுகிறவரைப் பக்கத்து இலைக்காரன் எப்படிப் பார்ப்பான் என்று சொல்லத் தேவையில்லை, ஆகவே கல்யாணங்காட்சிக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு எலும்பில் ஒன்றுமில்லை, நரம்பிலும் ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லையாம். எரிச்சலாக இருக்காதா?

கோகிலவாணிக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அந்தக் கை வெளியே வரவேண்டும். அதை உள்ளே போகச்சொன்ன வாயே வந்து வெளியே கூப்பிடவேண்டும், அதே மாதிரி நாலு பேர் பார்க்க. தன் வாயின் மேலும் அவளுக்கு ஆத்திரம் இருந்தது, நிறையவே இருந்தது, ஆனால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதால் மொத்தத்தையும் சேர்த்து மில்லுக்காரர் கணக்கிலேயே எழுதிக்கொண்டாள்.

அப்புறமும் அந்தக் காரை ஏன் தொட்டாள் என்று கேட்டால், கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்துவிட்டால் முதலாளி மனசு குளிர்ந்து அப்பாவைத் திரும்பக் கூப்பிடுவார் என்று நினைத்தாள், பைத்தியக்காரி. கழுவி, பெயின்ட்டுக்கென்றே விற்கிற களிமண்ணைத் தேய்த்து ஒட்டுப் புழுதியை எடுத்து, கதவில் ஒரு சாண் சதுரத்துக்கு டேப் ஒட்டி, அதற்குள் மட்டும் முதலில் சோதனை போட்டாள். அவள் தொழிலில் முறை ஒன்று உண்டு. மெஷினில் மாட்டுகிற மெத்தென்ற கறுப்பு ஃபோம் பேடும் நைசான பாலிஷும்தான் முதலில். போகவில்லையென்றால் பேடை மாற்றாதே, பாலிஷை மட்டும் ஒருபடி ஏற்று. அதற்கும் மசியவில்லையென்றால் கொஞ்சம் கெட்டியான ஆரஞ்சு பேடு. உல்லன் பேடும் கனத்த கம்பவுண்டும் கடைசியிலும் கடைசி, ஏனென்றால் அது கீறலோடு பெயின்ட்டின் மேல்தோலையும் சேர்த்துத் தின்றுவிடும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும், இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். எடுத்த எடுப்பில் உல்லன் பேடைத் தூக்குகிறவனுக்குத் தொழில் தெரியாது என்று அர்த்தம். தெய்வசிகாமணி மாதிரி சிலர் மனுசரிடத்தில் பிறந்ததிலிருந்தே உல்லன் பேடுதான்.

மூன்று நாள் வேலை. கார் போனது. நாலாம் நாள் காலை ஆறு மணிக்கு அத்தனை சுழியும் பழையபடி வந்துவிட்டன.

மில் வாட்ச்மேன் அதைக் குழாயில் தண்ணி வந்த சேதி மாதிரித்தான் சொன்னார். "ஆறு மணிக்கு வந்துச்சுங்க. யாரும் தொடலீங்க. பானட்டுல ஆரம்பிச்சு டிக்கி வரைக்கும் போச்சுங்க. ஒரு கா மணி நேரம் ஆகியிருக்குமுங்க." புது டிரைவர் இன்னும் வேலைக்கே வரவில்லை. மேலே உறை வேறு போட்டிருந்தது.

தெய்வசிகாமணி மறுபடி காரை அனுப்பினார், கூடவே வசவும் அனுப்பினார். கோகிலவாணி மறுபடி எடுத்தாள், மறுபடி வந்தது. ஏழு தடவை எடுத்தாள். பாலிஷை மாற்றினாள், பேடை மாற்றினாள், ஆரஞ்சு பேடில் நைசான பாலிஷ் போட்டுப் பார்த்தாள், கறுப்பு பேடில் கனத்த கம்பவுண்டு போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் பெயின்ட்டின் கனத்தை மீட்டர் வைத்து அளந்தாள். ஏழு தடவை தேய்த்த பெயின்ட் மெலிந்திருக்க வேண்டும், மெலியவில்லை, முதல் தடவை காட்டிய நூற்றுப் பன்னிரண்டு மைக்ரானையே ஏழாம் தடவையும் காட்டியது. அவள் எடுத்ததை யாரோ தினமும் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்கள். யாரென்று அவளுக்குத் தெரியும். கதவுக் கைப்பிடிக்குக் கீழே இரண்டு சுற்று, சைடு மிரரின் கழுத்தில் விரல் நுனியால் ஒரு சின்னச் சுற்று. அப்படித் துடைக்கிற கை ஊரில் ஒன்றுதான் உண்டு, அது அந்நேரம் இரண்டு தெரு தள்ளி ஓர் அக்குளுக்குள் இருந்தது.

எட்டாவது தடவை புதிதாக ஒன்றும் வந்தது. பானட்டின் நட்டநடுவில், முன்விளக்குப் பக்கம் தடிமனாக ஆரம்பித்து கண்ணாடியைப் பார்த்துக் கூராக ஏறுகிற நீளச் சுழி, இரண்டு பக்கமும் பொடிப்பொடிக் கால்களோடு. தெய்வசிகாமணி ஷெட்டைப் பிரித்து எறியச் சொல்லி மில்லிலிருந்து நாலு லோடுமேன்களையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். அவர் நேரம், டீக்கடையில் மாட்டுத் தரகர் காளியண்ணன் இருந்தார். போர்டைப் படித்த நாளிலிருந்தே அவருக்குக் கை நமநமவென்று இருந்திருக்கிறது. டம்ளரை வைத்துவிட்டு வந்து, காருக்கு முன்னால் நின்று, குனிந்து, நிமிர்ந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"மொதலாளி, கத்தாதீங்க" என்றார். "இது ஏறுபூரான். இந்தச் சுழி இருக்கற மாடு நின்ன கட்டுத்தறி அழிஞ்சதாச் சரித்திரமில்லை. என்ற அறுவது வருசத்துல ரெண்டு மாட்டுலதான் பாத்திருக்கேன். வண்டில இப்பத்தான் பாக்கறேன்."

அந்த வாரமே மில்லுக்குக் கேரளாவிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. வருசா வருசம் வருகிற ஆர்டர்தான், இந்த வருசம் கொஞ்சம் முந்தி வந்தது. போதாதா? பானட்டில் சந்தனம் ஏறியது, குங்குமம் ஏறியது, செவ்வாய் வெள்ளியில் எலுமிச்சம்பழம் ஏறியது. பெண் அழைப்புக்கு அந்தக் கார்தான் வேண்டும் என்று மூன்று முகூர்த்தக்காரர்கள் ஒரே நாளில் வந்து மில் வாசலில் சண்டை போட்டார்கள். பிள்ளை உண்டானவர்கள் வந்து பானட்டைத் தொட்டு வயிற்றில் ஒற்றிக்கொண்டார்கள், பரீட்சைக்காரர்கள் பேனாவை வைத்து எடுத்தார்கள், லைசென்ஸ் எடுக்கப் போகிறவர்கள் சுற்றி வந்தார்கள். பழைய கார் விற்கிற இடத்தில் இப்போது இன்ஜினைத் திறந்து பார்ப்பதில்லை. தரகர்கள் செல்போன் லைட்டை அடித்து, இது கோபுரச் சுழி, இது தாமணி, இது விரிசுழி, இந்த வண்டியை வாங்கினால் வீட்டில் தங்காது என்று சொல்லி, மாட்டுக்குச் செய்கிற மாதிரியே துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசினார்கள். யாரும் அதிசயப்படவில்லை. மாட்டுக்கு இருக்கலாம், மனுசனுக்கு இருக்கலாம், காருக்கு இருக்கக்கூடாதா என்றார்கள். இத்தனை நாள் பார்க்காமல் விட்டோமே என்றுதான் வருத்தப்பட்டார்கள்.

சுழி எடுக்க ஆளே வரவில்லை. சுழி போட வந்தார்கள். "ஏறுபூரான் ஒண்ணு போட்டுக் குடு அம்மிணி, பானட்டுல முடியலைன்னாலும் டிக்கிலயாச்சும்" என்று கெஞ்சினார்கள். மாட்டேன் என்றதும் வீட்டுக்குப் போய் பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்துத் தாங்களே தேய்த்துக்கொண்டார்கள். புதுக் கார்கள், பிளாஸ்டிக் உறை பிரிக்காத கார்கள், ஊர் முழுக்க சொறி பிடித்த மாதிரி நின்றன. எந்தக் கீறலுக்காக ஒரு மனுசனை நாயைப் போலத் துரத்தினார்களோ அதே கீறலுக்குச் சூடம் காட்டினார்கள். அந்த ஆயிரம் பேரில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், இதைத் தினமும் துடைத்தவர் யார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டீக்கடையில் அன்றைக்கு வேடிக்கை பார்த்தவர்களும் கேட்கவில்லை, அவர்களுக்கு வரிசையில் நிற்கவே நேரம் சரியாக இருந்தது.

ஒரு நாள் கோகிலவாணி பொறுக்கமாட்டாமல் மில்லுக்கே போனாள். தெய்வசிகாமணி கைநிறைய அரிசியை அள்ளி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது எங்கப்பன் கை மொதலாளி" என்றாள். "கைப்பிடிக்குக் கீழ பாருங்க, மிரருகிட்டப் பாருங்க. அவரு தொடைக்கற மாதிரியேதான் தெனமும் விழுகுது. அன்னிக்கு நாலு பேரு முன்னால தொடாதேன்னீங்க. இன்னிக்கு நாலு பேரு முன்னால ஒரு வார்த்தை, அந்தக் கையில தப்பில்லைன்னு சொல்லிப்போடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். வேலைகூட வேண்டாம்."

அவர் சிரித்தார். "துண்டுல தேச்சா அதும் பேரு கீறல். தானா வந்தா அதும் பேரு சுழி. இந்த வித்தியாசங்கூடத் தெரியாமத்தான் போர்டு போட்டுத் தொழில் பண்றயா?" என்று கேட்டுவிட்டு அரிசியை மூட்டையில் போட்டார்.

அவள் அன்றைக்குத் திரும்பி வந்து ஷெட்டில் உட்கார்ந்து, பேடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவினாள், கழுவினதையே திரும்பவும் கழுவினாள். அழுகை வரவில்லை. அழுகை வந்திருந்தால் மில்லுக்காரருக்கு நல்லது.

மாரியம்மன் பூச்சாட்டுத் திருவிழா வந்தது. சாமி புறப்பாட்டுக்கு முன்னால் ஏறுபூரான் கார் போகவேண்டும் என்று கோயில் கமிட்டி முடிவு பண்ணியது, கமிட்டித் தலைவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. அதற்குள் கதவில் இருப்பது துடைப்பச் சுழி, குடும்பத்தையே கூட்டிப் பெருக்கித் தள்ளிவிடும் என்று எவனோ கிளப்பிவிட்டான். தெய்வசிகாமணிக்குத் தூக்கம் போனது. ஆளனுப்பினார். ஆறு மணிக்கு வருகிற சுழிகளில் நல்ல சுழியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பத்து மணிக்குள் எடுத்துத் தரவேண்டும், அன்றைக்கு ஒரு நாள் தாங்கினால் போதும். தாராபுரத்திலும் திருப்பூரிலும் கேட்டுப் பார்த்தார்களாம், அந்தக் காரா, எங்களால் ஆகாது என்றார்களாம். கோகிலவாணி வருகிறேன் என்றாள். முந்தின வியாழக்கிழமை சந்தைப் பக்கமாகப் போனபோது அவள் ஒன்றைப் பார்த்திருந்தாள், அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

மில் களத்தில் கார் நின்றது. மேளக்காரர்கள், கமிட்டிக்காரர்கள், தாம்பாளத்தோடு பெண்கள், லோடுமேன்கள், மாலையோடு காளியண்ணன், ஊரே நின்றது. கோகிலவாணி பானட்டின் நடுச்சுழியைச் சுற்றி டேப் ஒட்டிப் பத்திரப்படுத்திவிட்டு, கறுப்பு பேடை மெஷினில் மாட்டி, நைசான பாலிஷை நாலு பொட்டு வைத்து, கதவில் ஆரம்பித்தாள். நாலு ஓட்டம் ஓட்டித் துடைத்துப் பார்த்தபோது பாதிச் சுழிகள் இருந்தன. மெஷினை நிறுத்தி மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மொதலாளிங்க, எங்கப்பாவக் கூப்புட்டு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க" என்றாள்.

"வேலையப் பாரு அம்மிணி."

பேடை மாற்றவில்லை, பாலிஷை மட்டும் ஏற்றினாள். அதே வார்த்தையை இந்தத் தடவை பக்கத்தில் நின்ற கமிட்டிக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். அவர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்தது ஆரஞ்சு பேடு. கதவு நான்கும் டிக்கியும் கருகருவென்று கண்ணாடியாகிவிட்டன, மேளக்காரர்களின் முகம் தெரிந்தது. மெஷினை அணைத்துவிட்டுக் களம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "ஏழு வருசம் இந்த வண்டியத் தொடச்சவரு நாச்சிமுத்து. நீங்க கும்பிடறது அந்தக் கையத்தான். அவரு மூணு மாசமா எடது கையில சோறு திங்கறாரு. எல்லாருக்கும் தெரியுமில்ல?"

எல்லாருக்கும் தெரிந்தது. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். தெய்வசிகாமணி மட்டும் அவளைப் பார்த்து, "கூலிக்கு வந்தவ கூலிக்காரியா இரு. சாமி காரியத்துல சவுண்டு விடாத" என்றார்.

சரி, உல்லன் பேடு.

"காளியண்ண மாமா" என்று கூப்பிட்டாள். "சந்தையில மாட்டு முதுகுப் பூரானை எங்க நின்னு பாப்பீங்க?"

"வாலுப் பக்கம் நின்னுதான். தலையப் பாத்துப் போனா ஏறுபூரான், வாலப் பாத்து வந்தா எறங்குபூரான், கட்டுத்தறியவே அழிச்சுப்போடும். இதென்ன கேள்வி?"

"வண்டிக்கு மூஞ்சி எதுங்க?"

அவர் முன்விளக்குகளைக் காட்டினார். காட்டிய கை காட்டிய இடத்திலேயே நின்றுவிட்டது.

"அன்னிக்கு மூஞ்சிப் பக்கம் நின்னுட்டுப் பாத்தீங்க மாமா. வாலுப் பக்கம் போய் நின்னு பாருங்க."

டிக்கிப் பக்கம் நின்றால் பானட் தெரியாது. அங்கே அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளின் மேல் காளியண்ணன் ஏறினார், அறுபது வயசில் தடுமாறி ஏறி, மேலே நின்று, முன்னால் எட்டிப் பார்த்தார். கறுப்பு முதுகில், தலையிலிருந்து வாலைப் பார்த்து, அவரையே பார்த்து, பொடிக்கால்களோடு அது இறங்கி வந்துகொண்டிருந்தது. இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "எறங்குபூரான்" என்றார், சத்தமில்லாமல்தான் சொன்னார், ஆனாலும் கடைசியில் நின்ற பெண்பிள்ளைகள் வரைக்கும் கேட்டது.

ஒருத்தரும் ஓடவில்லை. ஓடினால் மரியாதையாக இருக்காது என்று இரண்டு இரண்டு எட்டாகப் பின்னால் போனார்கள். காலையில் பானட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள் கையைச் சேலையிலும் வேட்டியிலும் துடைத்தார்கள். பிள்ளை உண்டான ஒருத்தி தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே வீட்டுக்கு நடந்தாள். மாலையை எங்கே போடுவது என்று தெரியாமல் ஒருத்தன் மில் கேட்டில் மாட்டினான்.

"எடு" என்றார் தெய்வசிகாமணி. "அம்மிணி, எந்த பேடுன்னாலும் போடு, பெயின்ட்டே போனாலும் போகுது, அதை எடு."

கோகிலவாணி மெஷினின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "எடுக்கலாமுங்க. நாளைக்கு ஆறு மணிக்குத் திரும்பி வருமுங்க. உங்களுக்கே தெரியுமே. போட்ட கை வந்து எடுத்தாத்தான் போகும்." இது நிசமா என்று அவளுக்கே தெரியாது. வாயில் வந்தது, சொன்னாள்.

அந்தக் காரில் ஏற அவருக்குத் தைரியமில்லை, அவரைத் தங்கள் வண்டியில் ஏற்ற ஊரில் யாருக்கும் தைரியமில்லை, ஆகவே தெய்வசிகாமணி நடந்தே போனார். பட்டு வேட்டி புழுதியில் புரள, ஊர் பத்தடி தள்ளியே பின்னால் வர, இரண்டு தெருவும் நடந்தார். நாச்சிமுத்து வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். "நாச்சிமுத்தண்ணா" என்றார் தெய்வசிகாமணி. பத்தொன்பது வருசத்தில் அந்த அண்ணா அன்றைக்குத்தான் அவர் வாயில் வந்தது. "உங்க கைல ஒரு தப்பும் இல்லீங்க. நாந்தான் தெரியாமப் பேசிப்போட்டேன். உங்க கை வந்தாத்தான் ஆகும். ஒரே ஒருக்கா வந்து தொடச்சுட்டுப் போயிருங்க."

ஊரே கேட்டது. நாச்சிமுத்து எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு கூட நடந்தார்.

களத்தில் காருக்கு முன்னால் நின்று, அக்குளிலிருந்து வலது கையை எடுத்தார். மூன்று மாசம் வெயில் படாத கை, வெளுத்து, மெலிந்து, தண்ணீரில் ஊறின கை மாதிரி சுருங்கியிருந்தது. அவரும் அதை அன்றைக்குத்தான் பார்க்கிற மாதிரி பார்த்தார், விரல்களை மடக்கி விரித்தார். கோகிலவாணி டேப்பைப் பிரித்துவிட்டு ஒதுங்கினாள். யாரோ ஒரு துண்டை நீட்டினார்கள், வாங்கவில்லை. பானட்டுக்கு ஒரு விரல்கடை மேலே உள்ளங்கையைக் கொண்டுபோனார், கீழே பூரான் உடம்பை நெளித்துக் கையோடு திரும்பியது, இந்தப் பக்கம் கொண்டுபோனால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் கொண்டுபோனால் அந்தப் பக்கம், எசமானைக் கண்ட கன்றுக்குட்டி போல. தொட்டால் போய்விடும் என்று பார்த்துக்கொண்டிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. தெய்வசிகாமணி கையெடுத்துக் கும்பிட்டே விட்டார்.

நாச்சிமுத்து கையை எடுத்துக்கொண்டார்.

"என்ற கை இந்த வண்டி மேல படக்கூடாதுன்னு சொன்னீங்க மொதலாளி" என்றார். மூன்று மாசத்தில் வெளியாள் ஒருத்தரிடம் பேசிய முதல் பேச்சு, குரல் கரகரவென்று இருந்தது. "பத்தொம்பது வருசத்துல உங்க பேச்ச நான் தட்டுனதில்லீங்க. இதையும் தட்டமாட்டேன்."

சொல்லிவிட்டு இரண்டு கையையும் வீசிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

அந்தக் கார் இன்னும் மில்லில்தான் நிற்கிறது. விற்கப் பார்த்தார்கள், வாங்க வருகிறவன் முதல் காரியமாக டிக்கிப் பக்கம் போய் ஏணி கேட்கிறான். வேறு பெயின்ட் அடித்தார்கள், வெள்ளை அடித்தார்கள், ஆறு மணிக்கு வந்துவிட்டது. கோகிலவாணியின் கடைக்கு நார் போட்டுத் தேய்த்தவர்களெல்லாம் வரிசையில் வந்தார்கள், அவள் ஒவ்வொருத்தரிடமும், எதிர் டீக்கடையில் கேட்கிற மாதிரி, "இது யாரு தேச்சது?" என்று கேட்டு, "நாந்தானுங்க" என்று வாயால் சொன்ன பிறகுதான் மெஷினை எடுத்தாள். அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு மத்தியானம் அவள் பாலிஷ் நாற்றத்தோடு வீட்டுக்கு வந்தபோது அப்பா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஸ்பூன் இல்லை. சோற்றைப் போட்டாள், பருப்பை ஊற்றினாள். வலது கையால் அவர் சோற்றைப் பிசைந்தார், மெதுவாக, வட்டமாக, விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை, இரண்டு பருக்கை கீழே விழுந்தது, பொறுக்கிப் போட்டுக்கொண்டார். அவள் நின்றுகொண்டே பார்த்தாள். மூன்று மாசமாகத் தொண்டையில் இருந்தது வெளியே வந்தது.

"அப்பா, அன்னிக்கு என்ற வாய் மட்டும் சும்மா இருந்திருந்தா..."

அவர் நிமிரவில்லை. அடுத்த கவளத்தை உருட்டினார்.

"அதுக்குக் கோவம் தனியா இருக்குது அம்மிணி" என்றார். "மொதல்ல ரசத்த ஊத்து."